கறுப்புக் குப்பி

சளி புடிச்சிருக்கா கண்ணு? ஏறினதுல இருந்து கைக்குட்டையை மூக்கை விட்டு எடுக்கவே மாட்டேங்கறயே. பையில தைலம் இருக்கு, தரட்டுமா? வேண்டாமா? சரி. இந்த மழைக்கு ஊரே மூக்கை உறிஞ்சிக்கிட்டுத்தான் திரியுது. அந்த ஷட்டரை எறக்கி விடேன், சாரல் அடிக்குது உன் மேல. தொறந்தே இருக்கட்டுமா? நனையறயே. உன் இஷ்டம் போ.

எலக்ட்ரானிக் சிட்டியா? நானும் அங்கதான் எறங்கணும். நல்லதாப் போச்சு. சேலத்துல ஏறி அங்க போற வரைக்கும் வாயை மூடிக்கிட்டு வர்றதுன்னா எனக்கு ஆகாது.

முன் சீட்டுல ஒருத்தி ஒக்காந்திருக்கா பாரு, தலை நெறைய மல்லி வச்சுக்கிட்டு. உனக்கு அது அடிக்கலையா? எனக்கு நெத்திப்பொட்டு விண்ணு விண்ணுனு தெறிக்குது. மழைக்கு எல்லா ஷட்டரையும் எறக்கிட்டு வர்ற பஸ்ஸுல, பின்னாடி இருக்கறவங்களுக்கு தலைவலிக்குமேன்னு ஒரு நெனப்பு வேண்டாம்? எந்திரிச்சு வேற எடம் பாத்துக்கோன்னு சொல்லலாம்னு பாத்தேன். கண்டக்டர் மொறைப்பான். போகட்டும்.

நான் பொண்ணு வீட்டுக்குப் போறேன். ஒரே பொண்ணு, கோகிலவாணி. வாணின்னுதான் கூப்புடுவோம். பிரசவ லீவு முடிஞ்சு திங்கக்கெழமை அவ வேலைக்குப் போகணும், குழந்தையைப் பாத்துக்க ஆளில்ல. இத்தனை நாளும் மாமியார் பாத்துக்கிட்டாங்க. அந்தம்மாவுக்கு இப்ப மூட்டு ஆபரேஷன், கட்டிலை விட்டு எறங்க முடியாது. அதனால நான் வேணும். இத்தனை மாசமா வேண்டாதவ, இப்ப வேணும். கூப்பிடும்போதே ஒரு கண்டிஷன். "அம்மா, உன் மேல ஒரு துளி செண்ட் வாசனை இருக்கக் கூடாது. இருந்துச்சுன்னா அடுத்த பஸ்ஸுலயே திருப்பி ஏத்தி விட்ருவேன். அப்பறம் கோவிச்சுக்காத." பெத்த பொண்ணு சொல்றா கண்ணு, கேட்டுக்கோ.

சரின்னுட்டேன். பேத்தி இருக்காளே. நிலானின்னு பேரு. குப்புற விழுந்தது, உக்காந்தது, தவழ்ந்தது, எல்லாம் போன்லதான் பாத்தேன். கையில தூக்கினது ஒரே ஒரு தடவை, தொட்டில் போட்ட அன்னிக்கு. அதனால சத்தியம் பண்ணிக் குடுத்துட்டேன். இன்னிக்கு நான் எதுவும் போடல. சோப்புகூடத் தொடல, கடலை மாவு தேச்சுக் குளிச்சேன். இந்தப் புடவை புதுசு, பீரோவுல இருந்து இன்னிக்குத்தான் மடிப்புக் கலைச்சேன். அதனாலதான் அந்த மல்லி இவ்வளவு உறைக்குது எனக்கு.

செண்டுன்னு நான் சொன்னதும் நீ என்ன நெனச்சே? ரோசா, சந்தனம், எலுமிச்சம்பழம். அதையெல்லாம் நாங்க தொட மாட்டோம். நாங்கன்னா எங்க குரூப்பு. எங்ககிட்ட இருக்கறது வேற. தார் போட்டு அன்னிக்கே மழை பெஞ்ச ரோடு இருக்கே, அது ஒண்ணு. டிங்சர், பஞ்சு, ஆஸ்பத்திரி வராந்தா, அது ஒண்ணு. இரும்புச் சாவியை ரொம்ப நேரம் உள்ளங்கையில வச்சிருந்துட்டு மோந்து பாத்தா ஒண்ணு வருமே, அதுகூட ஒண்ணு. பாத்தியா, மூஞ்சியைச் சுளிக்கற! மொதல்ல எல்லாரும் அப்படித்தான். அதுக்கு மூக்கு பழகணும். பாட்டுக் கச்சேரி மாதிரி, கேக்கக் கேக்கத்தான் புடிபடும். சட்டுனு புடிக்கறது எதுவும் சரக்கில்ல.

எனக்குன்னு ஒண்ணு இருக்கு. கறுப்புக் குப்பி. அதுக்குப் பேருகூடக் கிடையாது, லேபிள்ல ஒரு நம்பர்தான். அகில் கட்டை, புனுகு, பொகை, ஈரம் காயாத ஆட்டுத்தோல். அடிச்ச ஒடனே ஆட்டுப்பட்டி தீப்புடிச்ச மாதிரிதான் இருக்கும், நான் இல்லைன்னு சொல்லல. ஆனா கொஞ்ச நேரம் பொறுத்தா அது ஒடம்போட எறங்கி, கர்ப்பகிரகத்துல எண்ணெய் ஏறி ஏறிக் கறுத்த கல்லு இருக்கே, அப்படி ஆயிரும். அந்தக் கொஞ்ச நேரத்தைத்தான் யாரும் பொறுத்துக்க மாட்டேங்கறாங்க. என் கஷ்டமே அதுதான்.

இந்த வயசுல இதெல்லாம் எதுக்குன்னு நெனைக்கற. கேக்கலன்னாலும் மூஞ்சியில எழுதியிருக்கு. சொல்றேன், ஓமலூர்கூட இன்னும் தாண்டல.

எங்க வீட்டுக்காரரு பேரு மாதையன். பண்டகசாலையில கணக்கரா இருந்தாரு. நல்ல மனுஷன். குடிச்சதில்ல, கை ஓங்கினதில்ல. அவரைப் பத்திப் பேசினா எல்லாரும் இதைத்தான் சொல்லுவாங்க, நானும் சொல்றேன். ஆனா மூக்கு. எந்த வாசனையும் அவருக்கு ஆகாது. தும்மல், தலைவலி, கண்ணுல தண்ணி, அப்பறம் இருட்டு ரூம்ல படுத்துக்குவாரு. கல்யாணம் முடிஞ்சு அவங்க வீட்டு வாசப்படியில நிக்கறேன், ஆரத்தி சுத்தறாங்க, பக்கத்துல நின்னு ஓயாம தும்மறாரு. என்கிட்டகூடப் பேசல, அவங்கம்மாகிட்டச் சொன்னாரு: "அந்தப் பூவை எடுத்துரச் சொல்லும்மா." எடுத்தாங்க. அவ்வளவுதான் கண்ணு. அதுக்கப்பறம் பூ கெடையாது. பவுடர் கெடையாது. ஊதுபத்தி கெடையாது, சாமிக்கு வெறும் வெளக்கு. மொளகா தாளிக்கணும்னா அவர் ஆபீஸ் போயிருக்கணும். வாசல்ல ஒரு பவளமல்லி மரம் நின்னுச்சு, அதையும் ஆள் விட்டு வெட்டிட்டாரு.

நான் லேடீஸ் காலேஜ்ல கெமிஸ்ட்ரி லேப்ல வேலை பாத்தேன். போன வருஷம்தான் ரிட்டையர் ஆனேன். லேப்னா ஆசிட்டு, கேஸு எல்லாம் புடவையில ஏறிரும். சாயங்காலம் வந்தா நேரா வீட்டுக்குள்ள போக முடியாது. சந்து வழியா கொல்லைக்குப் போயி, அங்க இருக்கற பாத்ரூம்ல தலைக்கு ஊத்திக்கிட்டு, கொடியில கெடக்கற மாத்துப் புடவையைக் கட்டிக்கிட்டுத்தான் அடுப்படிக்கு வரணும். பச்சைக் கட்டம் போட்ட நூல் புடவை. அதுக்கு நீலம் போடறதில்ல, கஞ்சி போடறதில்ல, வெறும் தண்ணியில அலசறதுதான். மழையா இருந்தாலும் அதான், காய்ச்சலா இருந்தாலும் அதான். ஒருத்தர் மூக்குக்காக ஒரு வீடே மூச்சைப் புடிச்சிக்கிட்டு இருந்துச்சு. அடுத்தவங்களுக்கும் ஒரு மூக்கு இருக்குமே, அதுக்கும் ஒரு ஆசை இருக்குமேன்னு அந்த மனுஷன் ஒரு நாள் யோசிச்சிருப்பாரா? இந்த மாதிரி ஆளுங்களுக்கு அதெல்லாம் தோணவே தோணாது.

எனக்கு மூக்குன்னு ஒண்ணு இருந்தது லேப்ல மட்டும்தான். பிள்ளைங்க கிளம்பின பிறகு ஒவ்வொரு பாட்டிலா மூடியைத் தொறந்து மோந்து பாப்பேன். அயோடின், ஈதர், அழுகின முட்டை மாதிரி ஒரு கேஸு. ஹெட் மேடம் ஒரு தடவை பாத்துட்டு, "தனபாக்கியம், செத்துகித்துப் போயிரப் போறீங்க"ன்னாங்க. வீட்டுல மட்டும் என்ன வாழுதாம்னு நெனச்சுக்கிட்டேன்.

அவரு நெஞ்சுவலியில போனாரு. காலையில காப்பி குடிச்சாரு, மத்தியானம் இல்ல. நடுக்கூடத்துல கெடத்தியிருந்தாங்க. வீடு பூரா ஊதுபத்தி, சாம்பிராணி, ரோசா மாலை மாலையா வருது. மூக்குல பஞ்சு. நான் அந்த மூக்கையே பாத்துக்கிட்டு ஒக்காந்திருந்தேன். ஒரு தும்மல் வரல. இவ அழவே இல்லையேன்னு ஜனங்க பேசிக்கிட்டாங்களாம். எனக்கு அழுகை எங்க வந்துச்சு, ஆத்திரம்தான் வந்துச்சு. இன்னிக்கு முடியுதுல்ல, அப்ப ஏன் முடியலன்னு.

அப்பறம் பொம்பளைங்க வந்தாங்க. நீ சின்னப் பொண்ணு, பாத்திருக்க மாட்ட. புருஷன் செத்தா, பொண்டாட்டிக்குக் கடைசியா ஒரு தடவை தலைகொள்ளாமப் பூ வச்சு, கை நெறைய வளையல் போட்டு, பெரிய பொட்டா வச்சு அலங்காரம் பண்ணுவாங்க. பண்ணிட்டு எல்லாத்தையும் எடுத்துருவாங்க. பந்து பந்தா மல்லி. இருவத்தாறு வருஷம் ஒரு மொட்டுகூட ஏறாத தலையில, கழுத்து வலிக்கற மாதிரி வச்சாங்க. வச்சு, அவரு பக்கத்துல ஒக்கார வச்சு, பறிச்சாங்க. "இனிமே உனக்குப் பூ இல்லையே"ன்னு நாத்தனார் மாரடிச்சு அழறா. என்னிக்குடி இருந்துச்சு, இன்னிக்கு எடுக்கறதுக்கு? வாய் வரைக்கும் வந்துச்சு, கேக்கல. அன்னிக்கு இருந்து மல்லின்னா எனக்குத் தலைவலி.

ஏன் கண்ணு, தண்ணி குடி. கண்ணெல்லாம் கலங்குது உனக்கு. எனக்காகவா? இந்தக் காலத்துல யாரு இப்படிக் கேக்கறாங்க. நல்ல மனசு உனக்கு.

அப்பறம் ரெண்டு வருஷம் சும்மாதான் இருந்தேன். என்கிட்டப் படிச்ச பொண்ணு ஒருத்தி, ரெஹானான்னு பேரு, கோயம்புத்தூர்ல மருந்துக் கம்பெனியில இருக்கா. பாக்க வந்தவ ஒரு சின்னக் குப்பியைக் குடுத்து, "மேடம், இது உங்களுக்குத்தான் புடிக்கும். நம்ம லேப் மாதிரியே இருக்கும்"னா. அவ போன பிறகு தொறந்து பாத்தேன். என்னன்னு சொல்றது போ. நடுக்கூடத்துல, அவரைக் கெடத்தியிருந்த எடத்துல நின்னுக்கிட்டு, கழுத்து, கை, தலைமயிரு, அவரு ஈசிச்சேரு, எல்லாத்துலயும் அடிச்சேன். அடிச்சிட்டுப் போட்டோவைப் பாத்து, "இப்பத் தும்முங்க"ன்னேன். அதுல இருந்து தெனமும் காலையில போட்டோவுக்கு முன்னாடி நின்னுதான் அடிச்சுக்கறது. வேற ஒண்ணும் இல்ல, பழக்கமாயிருச்சு.

ரெஹானாதான் என்னைக் குரூப்ல சேத்து விட்டா. எங்களுக்குள்ள ஒரு பெட்டி சுத்தும் கண்ணு. ஒருத்தர் புதுசா வாங்கின குப்பிங்களை ஒரு பெட்டியில போட்டு அடுத்தவங்களுக்குக் கூரியர்ல அனுப்புவாங்க. நாம ஒவ்வொண்ணுலயும் கொஞ்சம் எடுத்துக்கிட்டு, நம்மகிட்ட இருக்கறதுல ஒண்ணைப் போட்டு, அடுத்த ஊருக்கு அனுப்பணும். மோந்து பாத்து என்ன தோணுச்சுன்னு எழுதணும். "தனபாக்கியம் மேடம் என்ன சொல்றாங்க"ன்னு காத்துக்கிட்டு இருப்பாங்க. என்னை இதுக்கு முன்னாடி யாரும் எதுவும் கேட்டதில்ல.

காலேஜ்லயும் அதுக்கப்பறம் ஒரு மரியாதை வந்துச்சு. எனக்குத் தனி மேசை போட்டாங்க, வராந்தா ஓரமா, ஜன்னலுக்குப் பக்கத்துல. சீனியர்ங்கறதுனால. ஷேர் ஆட்டோவுலகூட முன்னாடி டிரைவர் பக்கத்துல, காத்து வர்ற எடத்துலதான் ஒக்கார வைப்பாங்க. பக்கத்து வீட்டுக்காரி மட்டும் எங்கேயோ எலி செத்துக் கெடக்குதுன்னு ஒரு வாரமாப் பரணெல்லாம் தேடிக்கிட்டு இருந்தா. அவளுக்கு என்ன தெரியும், மோப்பமே இல்லாத ஜென்மம்.

அட, அந்த மல்லிக்காரி எந்திரிச்சு முன்னாடி டிரைவர் கிட்ட போயி ஒக்காந்துட்டா பாரு. நான் வாயே தொறக்கல, தானாப் போயிட்டா. நிம்மதி.

வாணி விஷயத்துக்கு வரேன். அவளுக்கு அப்படியே அப்பா மூக்கு. பெங்களூருல வேலை, அங்கேயே கல்யாணம், ஊருக்கு வந்தா ரெண்டு நாள் இருப்பா, ஜன்னலையெல்லாம் தொறந்து போட்டுக்கிட்டு. சரி, போகட்டும்னு விட்டேன். தலைப்பிரசவம் தாய் வீட்டுலதானே? வளைகாப்பு போட்டு, கை நெறைய வளையலோட கூட்டிட்டு வந்தேன். ரூமுக்கு வெள்ளையடிச்சு, புது மெத்தை போட்டு, பிரசவ மருந்து சாமானெல்லாம் வாங்கி இடிச்சு சலிச்சு வச்சிருந்தேன். வந்த அன்னிக்கே வாந்தி. மாசமா இருக்கறவளுக்கு வாந்தி வர்றது ஊர்ல இல்லாததா? "அம்மா, அந்தக் கறுப்பு பாட்டிலை மட்டும் விட்டுரும்மா, கும்பிடறேன்"னா. விட்டேன் கண்ணு. சுத்தமா விட்டுட்டேன். நாலு அடிப்பு அடிக்கறவ ஒரே அடிப்பாக் குறைச்சிட்டேன், அதுவும் உள்பாவாடை மேல. அதுக்கு மேல ஒரு மனுஷி என்னதான் விட முடியும்?

அந்த நேரம் பாத்துப் பெட்டி வந்துருச்சு. எனக்கு முன்னாடி மதுரை, எனக்கு அப்பறம் மைசூர். என் ஒருத்தியால எல்லாரும் காத்துக் கெடக்க முடியுமா? கதவைச் சாத்திக்கிட்டு, காகிதத்துலதான் தொட்டுப் பாத்தேன். அதுக்கே அவ வயித்தைப் புடிச்சுக்கிட்டுப் பக்கத்து வீட்டுல போயி ஒக்காந்துக்குவா, பொழுது சாயற வரைக்கும் வர மாட்டா. அங்க கருவாடு பொரிப்பாங்க. அது அவளுக்குக் கொமட்டலையாம், என்கிட்டதான் கொமட்டுதாம். இதை எங்க போய்ச் சொல்ல?

ஒரு நாள் நான் பீன்ஸ் நறுக்கிக்கிட்டு இருக்கேன். பின்னாடி வந்து, சின்ன வயசுல செய்வாளே, அப்படி என் தோள்ல மூஞ்சியைப் பொதைச்சா. எனக்குக் கையே ஓடல. ஒடனே வெடுக்குனு எடுத்துக்கிட்டா. எடுத்துக்கிட்டு அழறா.

"என்னடி?"

"உன் வாசனை எங்கம்மா?"

"எனக்கு ஏதுடி வாசனை? உங்கப்பா இருந்த வரைக்கும் எனக்கு வாசனைன்னு ஒண்ணு இருந்துச்சா?"

"இருந்துச்சும்மா. நம்ம வீட்டுல வேற எந்த வாசனையும் கெடையாதுல்ல. அதனால உன்னோடது மட்டும்தான் எனக்குத் தெரியும். உன் முந்தானையை மூஞ்சி மேல போட்டுக்கிட்டுத்தானே தூங்குவேன். அது எங்கம்மா போச்சு?"

பாத்தியா கண்ணு? எனக்கு ஒண்ணுமே இல்லாம இருந்துச்சே ஒரு காலம், அதுதான் அவளுக்கு வேணுமாம். நான் ஒண்ணுமில்லாதவளா இருக்கணும், அப்பத்தான் அம்மா. "உங்கப்பன் புத்தி அப்படியே இருக்குடி உனக்கு"ன்னேன். மறுநாள் மாப்பிள்ளையும் சம்பந்தியம்மாவும் கார் எடுத்துக்கிட்டு வந்துட்டாங்க. யாரும் சண்டை போடல. "அங்க ஆஸ்பத்திரி பக்கம்க்கா, அதான்"னு அந்தம்மா மெதுவாச் சொன்னாங்க. மெதுவாச் சொன்னா வலிக்காதா?

கார்ல ஏர்றப்ப ஒரு பட்டுப் புடவையை எடுத்து நீட்டினேன். வேண்டாம்னுட்டா. கொல்லைப் பாத்ரூம் பரண்ல ஒரு தகரப் பெட்டி கெடக்கு, அதைத் தொறந்து அந்தப் பச்சைக் கட்டம் போட்ட கந்தல் புடவையை எடுத்துச் சுருட்டிக்கிட்டா. குழந்தைக்குத் துணி வேணுமாம். பட்டு குடுக்கறவ கையைத் தட்டிவிட்டுட்டு, கந்தலை எடுத்துக்கிட்டுப் போறா. எவ்வளவு அலட்சியம் இருக்கணும்! தலைப்பிரசவத்தை மாமியார் வீட்டுல பாத்தாங்கன்னு ஊரெல்லாம் கேக்குது. நான் என்ன பதில் சொல்ல? இடிச்சு வச்ச மருந்தெல்லாம் டப்பாவுலயே கட்டி தட்டிப் போச்சு.

தொட்டில் போடறதுக்குக் கூப்பிட்டாங்க. போனேன். அடுக்குமாடி வீடு. லிப்டுக்குப் பக்கத்துலயே சம்பந்தியம்மா ஒரு பையோட நிக்கறாங்க. "அக்கா, தப்பா நெனச்சுக்காதீங்க, வாட்ச்மேன் ரூம்ல பாத்ரூம் இருக்கு. ஒரு தண்ணி ஊத்திக்கிட்டு இந்தப் புடவையைக் கட்டிக்கிட்டு மேல வந்துருங்க. பச்சைக் குழந்தை பாருங்க." புரியுதா? அவரு கொல்லையில நிக்க வச்சாரு. இவங்க லிப்டுகிட்ட நிக்க வச்சாங்க. எத்தனை வருஷம் ஆனாலும் என் வழி மட்டும் பின்பக்கம்தான். குளிச்சேன். புடவை மாத்தினேன். மாத்திட்டு, கைப்பையில இருந்து கறுப்புக் குப்பியை எடுத்துக் கழுத்துல ஒரே ஒரு அடிப்பு. புடவையை மாத்தச் சொன்னாங்க, மாத்திட்டேன். கழுத்தை மாத்தச் சொல்லலையே.

குழந்தையை என் மடியில வச்சாங்க. என்னா கனம்ங்கற, கட்டி வெல்லம் மாதிரி. மூக்கு யாரு மாதிரின்னு பாத்தேன், அப்ப ஒண்ணும் புடிபடல, குட்டி உருண்டை. கழுத்தோட சேத்து அணைச்சுக்கிட்டேன். சாயங்காலம் குழந்தைக்கு இளைப்பு. நெஞ்சு உள்ள போயிப் போயி வருது. தூக்கிக்கிட்டு ஓடி, மூஞ்சியில மாஸ்க் வச்சுப் பொகை குடுத்தாங்க. அந்த ஊரு குளிருக்கு, ஏசிக்கு, சளி புடிக்காம இருக்குமா? ஆனா டாக்டர் கேட்ட ஒடனே வாணி என் கழுத்துக்கிட்ட குனிஞ்சு மோந்து பாத்தா. எல்லார் முன்னாடியும். அதுல இருந்து போனும் இல்ல, ஒண்ணும் இல்ல, மாப்பிள்ளைதான் அப்பப்ப வீடியோ அனுப்புவாரு. போன வாரம்தான் வாணி அவளாக் கூப்பிட்டா.

நான் கெட்டவளா கண்ணு? சொல்லு. ஒரு செண்ட். பொம்பளை ஒருத்தி அவ சொந்தக் காசுல, அவ சொந்த ஒடம்புல ஒரு செண்ட் போட்டுக்கறது இவ்வளவு பெரிய குத்தமா? ஆனா விட்டுட்டேனே. பேத்திக்காக அதையும் விட்டுட்டேனே. போட்டோ முன்னாடி நின்னு, "போங்க, நீங்களே ஜெயிச்சீங்க"ன்னு சொல்லிட்டுத்தான் பஸ் ஏறினேன்.

அத்திப்பள்ளி தாண்டிருச்சா? அப்ப கிட்ட வந்துட்டோம். வாணி ஸ்டாப்புக்கே வரேன்னா, குழந்தையைத் தூக்கிக்கிட்டு. எறங்கின ஒடனே மோந்து பாப்பா, எனக்குத் தெரியும். பாக்கட்டும். கண்ணு, நீ மூணாம் மனுஷி, ஒனக்கென்ன, உள்ளதைச் சொல்லு. இந்தா, கையைப் பாரு. முந்தானையைப் பாரு. ஒண்ணும் வரலல்ல?

ஏன் பேச மாட்டேங்கற?

கைக்குட்டையை எடு மொதல்ல. சளின்னு நெனச்சேனே. சளி இல்லையா? அப்ப அந்த ஷட்டரு... கண்ணு கலங்குச்சே, அது... எப்ப இருந்து? ஏறினதுல இருந்தேவா?

எப்படி வருது? தயங்காமச் சொல்லு. பொகையா? ஆடு மாதிரி, எரிஞ்ச மாதிரி?

நான் இன்னிக்குப் போடலம்மா. அந்தக் குழந்தை மேல சத்தியமாப் போடல. புதுப் புடவை இது, பீரோவுல... குப்பிங்களுக்கு வெளிச்சம் ஆகாது, சூடு ஆகாது. அதனால பீரோவுல புடவைங்களுக்கு நடுவுலதான் வச்சிருப்பேன். இத்தனை வருஷமா. எனக்கு ஒண்ணும் தெரியலையே கண்ணு. மோந்து மோந்து பாத்துட்டுத்தானே கட்டினேன், எனக்கு ஒண்ணுமே தெரியலையே. அப்ப அந்த மல்லிக்காரி எந்திரிச்சுப் போனது என்னாலதானா?

எவ்வளவு பொறுமையா ஒக்காந்து கேட்டுக்கிட்டு வந்திருக்க. சொல்லித் தொலைச்சிருக்கலாமே.

அந்தப் பையைக் கொஞ்சம் இப்படி எடு. அடியில துண்டுல சுத்தி வச்சிருக்கேன். போடறதுக்கு இல்ல, சும்மா கூட இருக்கட்டும்னுதான் எடுத்துட்டு வந்தேன். தடுக்காத. கையை எடு. நான் சொல்றதைக் கேளு. இப்ப எறங்கி நிக்கறேன், அவ மோந்து பாக்கறா, அடுத்த பஸ்ஸுல ஏத்தறா. போட்டுக்கிட்டு வந்ததுக்கு ஏத்தி விட்டான்னா, செண்டுக்காக அனுப்பிட்டான்னு நான் ஊருக்குச் சொல்லிக்கலாம், எனக்கும் சொல்லிக்கலாம். குளிச்சு முழுகி ஒண்ணுமே போடாம வந்து நின்னு, அதுக்கும் அனுப்பினான்னா, அப்பறம் அவ அனுப்பினது என்னைத்தானே? அதை என்னால தாங்க முடியாது கண்ணு. மூஞ்சியைத் திருப்பிக்க. நாலே அடிப்பு. முடிஞ்சுது. இருமட்டும், எல்லாரும் இருமட்டும்.

ஸ்டாப் வந்துருச்சு. தள்ளிக்க, எறங்கறேன். அதோ நிக்கறா பாரு, கொடைக்கு அடியில. எளைச்சுப் போயிட்டா. பஸ்ஸைக் காட்டிக் காட்டிக் குழந்தைகிட்டச் சொல்றா, பாட்டி வராங்கன்னு சொல்றா போல. சாரல் படாம என்னத்தையோ சுத்தியிருக்கா குழந்தைக்கு. பச்சை. பச்சைக் கட்டம்.

அது என் புடவை கண்ணு. கொல்லையில கட்டுவேனே, அந்தப் புடவை. தலையோட போத்தி, மூஞ்சிக்கிட்ட முந்தானையைச் சொருகி வச்சிருக்கா. குழந்தை அதைப் புடிச்சு வாயில வச்சுக்கிட்டு இருக்கு.

உன் பாட்டில்ல தண்ணி இருக்கா? குடிக்க இல்ல கண்ணு. குடு, குடு, சீக்கிரம் குடு.